பெரிய கருப்பர் பஸ்ஸின் காலைச் செய்தி

சேந்தணிக்கும் டவுனுக்கும் நடுவே பதினான்கு கிலோமீட்டர் ரோடு, அந்த ரோட்டுக்கு இரண்டு மினிபஸ், இரண்டு மினிபஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு பகை. காலை ஏழேகாலுக்கு முதலில் கிளம்புவது ‘ஜெயராணி’. அது வாரிக்கொண்டு போனது போக மிச்சம் மீதியை அள்ளிக்கொண்டு ஏழரைக்குப் போவது அடைக்கலத்தின் ‘பெரிய கருப்பர்’. நடுப்பகலில் இரண்டும் டவுனுக்குள் வேறு ரூட்டில் ஓடிவிட்டு, சாயங்காலம் இதே கணக்கில் ஜெயராணி முந்தியும் பெரிய கருப்பர் ஆறரைக்கும் ஊர் திரும்பும். கால் மணி நேரம் பிந்திப் போகிறவனுக்கு என்ன கிடைக்கும்? கூடைக்காரிகளும், முட்டி வலிக்காரர்களும், எவன் எக்கேடு கெட்டால் என்ன என்று தூங்கி எழுந்து வருகிறவர்களும்தான் கிடைப்பார்கள். இதை மாற்றிக் காட்டுகிறேன் பார் என்று அடைக்கலம் அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் டவுனில் செட் மாட்டுகிற கடையில் வண்டியை விட்டு, ஏற்கெனவே இருந்த ஆம்ப்ளிஃபயரோடும் நாலு ஸ்பீக்கரோடும் ஒரு சாட்டிலைட் ரேடியோவைச் சேர்த்து மாட்டச் சொன்னான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவன் ரசீது போட்டு வாங்கிக்கொண்டான்.

கடைக்காரன் டேஷ்போர்டுக்குள் கையகலப் பெட்டி ஒன்றைச் சொருகி, அதிலிருந்து ஒரு வயரை ஜன்னல் ஓரமாக மேலே ஏற்றி, கூரையில் தோசைக்கல் அளவில் ஒரு தட்டை வைத்து நாலு திருகாணி முடுக்கினான்.

“இது டவர்லேருந்து வர்றதில்லண்ணே. மேல வானத்துல ஒண்ணு நிக்குது. அங்கேருந்து நேரா ஒங்க வண்டிக்கு வந்துரும். மரம் மட்டை மறைக்காம இருந்தாப் போதும்.”

“நம்ம ஊரெல்லாம் அதுக்குத் தெரியுமாப்பா?”

“அதுக்குத் தெரியாத ஊரு ஏதுண்ணே!”

நாலு நாள் நன்றாகத்தான் போயிற்று. பாஷை புரியாத பாட்டெல்லாம் வந்தது, ஏதோ ஒரு தேசத்தில் மழை பெய்கிறது என்று யாரோ சொன்னார்கள், கூடைக்காரிகள் வெற்றிலையை மென்றபடி தலையாட்டினார்கள். ஐந்தாம் நாள் ஜெயராணியின் ஓனர் வந்து பெரிய கருப்பரை ஒரு சுற்று சுற்றி, கூரையை அண்ணாந்து பார்த்து, “நல்லாருக்கே” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. கண்டக்டர் துரைராசு உடனே அடைக்கலத்தை ஓரமாகக் கூப்பிட்டான். துரைராசு அடைக்கலத்தின் மனைவிக்கு அண்ணன், நாற்பத்தைந்து வயது, சேந்தணியில் ஒரு குழி நிலம்கூட இல்லாத வெளியூர்க்காரன்.

“மாப்ள, அந்தத் தட்டுல திருஷ்டிக்கு ரெண்டு கண்ணு வரைஞ்சிருவோம். மண்குதிர செய்யிற வேளார் நம்ம ஊருதான” என்றான்.

குழந்தை வேளார் அப்போது அய்யனார் கோயில் புரவி எடுப்புக்காகச் செய்த இரண்டு மண் குதிரைகளுக்குக் கண் திறந்துவிட்டு, தூரிகையைக் கழுவாமல் கையில் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். கண் திறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. திறந்த கண் முதலில் எதைப் பார்க்கிறதோ அதிலேயே அதன் நினைப்பு நின்றுபோகும் என்பதால், எதிரே ஆள் நிற்காமல் விலக்கிவிட்டு, கண்ணாடியையோ கன்றோடு நிற்கும் பசுவையோ நெல் குவியலையோ காட்டுவதுதான் வழக்கம். ஆனால் இது சாமியா, குதிரையா, வெறும் தட்டுதானே. துரைராசு அதைக் கழற்றிக் கொடுக்க, வேளார் அந்தத் தூரிகையாலேயே முட்டை முட்டையாக இரண்டு கண் வரைந்து, சிவப்பில் நரம்பும் இழுத்துவிட்டு, காய்வதற்காகப் பஸ் ஷெட்டின் சுவரில் அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். ஷெட்டுக்கு எதிரே அடைக்கலத்தின் வரப்பு. சாயங்காலம் வரைக்கும் அந்தக் கண்கள் வரப்பையே பார்த்துக்கொண்டு காய்ந்தன. வண்டி ஊர் திரும்பியதும் அதை எடுத்து மறுபடியும் கூரையில் முடுக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, வண்டி ஷெட்டை விட்டு நகர்ந்ததும், நாலு ஸ்பீக்கரிலும் ஒரு பெண் குரல் வந்தது. எந்த ஊர்ச் சாயலும் இல்லாத, கஞ்சி போட்டுத் தேய்த்த குரல்.

“வணக்கம். செய்திகள் வாசிப்பது...” என்றது. பெயர் வர வேண்டிய இடத்தில் கரகரவென்று ஒரு இரைச்சல் வந்து போயிற்று. “புல எண் நாற்பத்தொன்று. இந்த நிலத்தின் கிழக்கு வரப்பு சென்ற ஆண்டு ஆவணி ஆறாம் நாள் காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஒரு முழம் கிழக்கே நகர்ந்தது. நகர்த்தியவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வடக்கு நோக்கி நடந்தார். அவர் தலையில் பச்சைத் துண்டு இருந்தது.”

ரேடியோ பேசியதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, பேசுவதுதான் அதன் வேலை. மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருந்த சின்னையா தன் தலையிலிருந்த பச்சைத் துண்டை மெதுவாக அவிழ்த்து, நாலாக மடித்து, மஞ்சப்பைக்குள் வைத்ததைத்தான் எல்லாரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். பக்கத்து நிலத்துக்காரன் அதே பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்தான். அவன் எழுந்து வருவதற்குள் குரல் நாற்பத்திரண்டாம் எண்ணுக்குப் போயிற்று. நாற்பத்திரண்டு அவனுடையது. அவன் தெற்குப் பக்கத்தில் ஒன்றரை முழம் தள்ளியிருந்தான். அவன் அப்படியே உட்கார்ந்துகொண்டான். இரண்டு எண்ணோடு செய்தி முடிந்து, மறுபடியும் பாஷை புரியாத பாட்டு வந்தது.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு இரண்டு எண். சாயங்கால ட்ரிப்பில் வெறும் பாட்டு. ஊரில் நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தார்கள், அங்குலம் பிசகவில்லை. வரப்புக் கழிக்கிறேன், புல் செதுக்குகிறேன் என்று வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி அகலம் அடுத்தவன் பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பது சேந்தணியில் எல்லாருக்கும் கைப்பழக்கம். இவன் அவனிடம் இழந்ததை அவன் இன்னொருவனிடம் எடுத்துக்கொள்வான், அந்த இன்னொருவன் ஓடைப் புறம்போக்கில் எடுத்துக்கொள்வான், ஓடைக்கு வாய் கிடையாது. இப்படியே மூன்று தலைமுறையாக ஊர் முழுக்க நிலம் நகர்ந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்ததை வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதான். இப்போது சொல்லியாயிற்று, அதுவும் நாலு ஸ்பீக்கரில்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் மூன்று மண்டை உடைந்தது. இரண்டாம் வாரத்தில் வயலில் வேலை செய்கிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார்கள், மேலே இருப்பதற்கு மேலிருந்துதானே தெரியும் என்று. ஐப்பசி நடவில் தார்ப்பாயை நாலு ஆள் நாலு மூலையில் தூக்கிப் பிடிக்க, அதற்கு அடியில் பெண்கள் குனிந்து நாற்று நட்டார்கள். டீக்கடை பெஞ்சுகளை எண் வாரியாகத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். எதிரில் வருகிறவனைப் பார்த்து “சாப்டாச்சா?” என்று கேட்கிற வழக்கம் போய், “ஒன் நம்பரு எப்ப வருது?” என்று கேட்கிற வழக்கம் வந்தது, கேட்ட விதத்திலேயே பல் நறநறப்பது தெரியும். நிச்சயம் பண்ணிய கல்யாணம் இரண்டு, எண் ஐம்பத்தேழோடும் எழுபத்தாறோடும் நின்றுபோயின. கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்த முடியவில்லை, ஏனென்றால் பனை வெட்டிக் கொடுக்க வேண்டியவன் தொண்ணூற்றெட்டு, அதை நட்டு ஓலை கட்ட வேண்டியவன் தொண்ணூற்றொன்பது. பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் அந்தச் செய்திகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, முழத்தை அடியாக மாற்றச் சொல்லிக் கணக்கு நடத்தினார்.

அடைக்கலத்துக்கோ தலைகால் புரியவில்லை. பெரிய கருப்பரில் ஏறாதவனுக்கு மற்றவன் மானம் போவதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை என்பதால், ஊரே ஏழேகால் பஸ்ஸை விட்டுவிட்டு ஏழரை பஸ்ஸுக்கு நின்றது. டவுனில் ஒரு வேலையும் இல்லாதவன்கூடச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். ஜெயராணி வெறும் வண்டியாகப் போய் வெறும் வண்டியாக வந்து, கார்த்திகை பாதியில் ஓட்டத்தையே நிறுத்திக்கொண்டது. ஒவ்வொரு எண் வரும்போதும் அடைக்கலம் வால்யூமை ஒரு திருகு கூட்டி வைப்பான். யாராவது, “இது என்னப்பா அநியாயம், நான் அந்த நேரத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன்” என்று எகிறினால், ஸ்டீயரிங்கிலிருந்து கையெடுக்காமல் சிரிப்பான்.

“ரேடியோ பொய் சொல்லாதுண்ணே. வானத்துல நின்னு பாக்குது. அதுக்கென்ன மாமனா மச்சானா?”

ஊர் அம்பலம் சோலையன் ஒரு நாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். வழுக்கைத் தலை, கனத்த குரல், எதையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவைக்கிறவர் என்று பெயர்.

“அடைக்கலம், ஊரு ரெண்டுபட்டுப் போச்சு. அந்தத் தட்டக் கழட்டி வச்சிரு.”

அடைக்கலம் வாயைத் திறப்பதற்குள் சின்னையா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் நாற்பத்தொன்றிலிருந்து நூற்றிரண்டு வரைக்கும் எண் வாசிக்கப்பட்டவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

“எம் மானம் கப்பலேறிருச்சு. நடுரோட்டுல துண்ட அவுத்து வச்சவன் நான். ஒங்க நம்பரு நூத்திப் பன்னெண்டு வரப்போவுதுன்னதும் ஊரு ஞாபகம் வந்துருச்சாக்கும்? எல்லார் கதையும் வாசிச்சு முடிக்கட்டும். அதுக்கு முன்னாடி அதுல எவன் கை வச்சாலும் கை இருக்காது.”

சொன்னதோடு நிற்கவில்லை. வாசிக்கப்பட்டவர்கள் முறை வைத்துக்கொண்டு ஷெட்டு வாசலில் கட்டில் போட்டுக் காவல் உட்கார்ந்தார்கள். முப்பத்தாறாம் நாள் நூற்றுப் பன்னிரண்டு வந்தது. அம்பலம் கோயில் நிலத்துக்குள்ளேயே எட்டு அடி போயிருந்தார், அதுவும் திருவிழாக் காப்புக் கட்டிய கையோடு. அன்று சாயங்காலமே அவர் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கி வந்து காவல்காரர்களுக்கு நடுவே போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பிறகு அந்தத் தட்டுப் பக்கம் காக்காய்கூட உட்கார முடியவில்லை. போன மானம் திரும்பி வராது; இருக்கிறவனுடையதும் போகட்டும் என்பதில் சேந்தணி மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒற்றுமையாக இருந்தது.

நூற்று ஐம்பத்தொன்று வாசித்த அன்று டவுன் பஸ் ஸ்டாண்டில் டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்த துரைராசு சும்மா கேட்பதுபோலக் கேட்டான்.

“மாப்ள, நம்ம நம்பரு எத்தன?”

அடைக்கலம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினான். நூற்று எண்பத்தேழு. இரண்டிரண்டாக எண்ணினால் இன்னும் பதினெட்டு நாள். இத்தனை நாளும் ஊரான் வரப்பையே பார்த்துச் சிரித்ததில் தன் வரப்பு ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. மடியிலே கனம் இருந்தால் வழியிலே பயம். அதுவரை இல்லாத பயம் அன்று வந்து, டிரைவர் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அவனுடைய நிலமும் அவன் அண்ணன் வெள்ளைக்கண்ணுவின் நிலமும் ஒட்டி ஒட்டி இருந்தன, நடுவே ஒரு வரப்பு, வரப்பை ஒட்டி அண்ணன் பக்கத்தில் கிணற்று வாய்க்கால். மினிபஸ் வாங்கிய வருஷம் வண்டி திருப்ப இடம் போதவில்லை. அந்த வருஷம் பங்குனியில்தான் அண்ணன் செத்தான். பதினாறாம் நாள் கருமாதி. உள்ளே மதினி சிட்டாளுக்குத் தாலி இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஊர் முழுக்க வாசலில் பந்தலுக்குக் கீழே இருந்தது, அடைக்கலம் டிராக்டரை வரச் சொல்லி வரப்பையும் வாய்க்காலையும் ஒன்றாக உழுது மேவிவிட்டு ஒன்பது அடி தள்ளிப் புது வரப்புப் போட்டான். அந்த ஒன்பது அடியில்தான் ஷெட்டு நிற்கிறது. வாய்க்கால் போனதால் அண்ணன் நிலத்துக்குத் தண்ணீர் போயிற்று. தண்ணீர் போனதால், நிலம் இருந்தும் சிட்டாள் தினமும் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவப் போகிறாள். ஒரே ஒரு தடவை அவள் அம்பலத்திடம் போய்ச் சொன்னாள். “குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கங்கத்தா” என்று அவர் அனுப்பிவிட்டார். அவள் பேசவில்லை. நாலு வருஷமாக அடைக்கலத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதே பஸ்ஸில், டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற ஒற்றை சீட்டில்தான் தினமும் வந்து உட்காருவாள். அவள் முகம் தெரியாதபடி அவன் உள்கண்ணாடியைத் திருப்பி வைத்து நாலு வருஷம் ஆகிறது.

அன்று சாயங்காலம் அவன் கண்ணாடியைச் சரி பண்ணிவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தான். செய்தி ஆரம்பித்ததும் சிட்டாள் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தாள். வாசிக்கிற குரலோடு சேர்ந்து அவள் உதடு அசைந்தது. ஏதோ சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. வண்டிக்கு எஃப்.சி. வருகிறது, தட்டைக் கழற்றாவிட்டால் பாஸ் ஆகாது என்று காவல்காரர்களிடம் சொல்லிப் பார்த்தான்.

“எஃப்.சி. மார்கழி மூணுக்கு அப்பறம் எடுத்துக்க” என்றார் சின்னையா. “ஒன் நம்பரு மார்கழி ரெண்டுல்ல?”

“ரேடியோ பொய் சொல்லாதுன்னியே தம்பி” என்றார் அம்பலம், நாற்காலியில் காலாட்டிக்கொண்டு.

குழந்தை வேளாரிடம் போனான். வேளாருடையது அறுபத்துமூன்றாம் எண். அவர் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“தொறக்கத்தான் தெரியும். மூடுறது ஏந் தொழிலு இல்ல” என்றார் களிமண்ணைப் பிசைந்தபடி. “தொறந்ததும் மொதமொதல்ல என்னத்தக் காட்டுனீக அதுக்கு?”

அடைக்கலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஷெட்டுச் சுவர், எதிரே வரப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை. ஊரில் எத்தனையோ வரப்பு இருக்க, அது முதலில் பார்த்தது அவனுடையதை. பார்த்ததைக் கடைசிவரை மனதில் வைத்துக்கொண்டு, நாற்பத்தொன்றிலிருந்து நிதானமாக நடந்து வந்துகொண்டிருக்கிறது.

துரைராசு கடைசியில் மனசு கேட்காமல் சொன்னான். “பேசாம மதினிட்ட நெலத்த விட்டுருங்க மாப்ள. வாய்க்காலத் தோண்டிக் குடுத்துட்டா ரேடியோ என்ன சொல்லப்போவுது?”

“ஷெட்ட இடிக்கச் சொல்றீங்களா? வண்டிய எங்கிட்டுத் திருப்புறது? எழுபது நாளா எல்லாப் பயலயும் பாத்துச் சிரிச்சிட்டு, இப்ப அவய்ங்க கட்டில் போட்டு உக்காந்து பாக்க நான் மண்வெட்டியோட நிக்கணுமா? அதுக்குச் செத்துப் போகலாம் மச்சான்.”

சாகவில்லை. மார்கழி முதல் தேதி மத்தியானம், டவுனில் வண்டியை ஓரங்கட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வயரைச் சாண் நீளத்துக்கு வெட்டியெடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஊர் கூரையைத்தான் காவல் காத்தது, டேஷ்போர்டுக்கு அடியில் எவனும் குனிந்து பார்க்கவில்லை. அன்று சாயங்கால ட்ரிப்பில் பாட்டு வராதபோது, “சிக்னல் கெடைக்கல” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மார்கழி இரண்டு. இருபத்தைந்து சீட்டு பஸ்ஸில் நூற்றுச் சொச்சம் பேர். படியில் தொங்கினார்கள், எஞ்சின் மூடி மேல் உட்கார்ந்தார்கள், கூரையில் அந்தத் தட்டைச் சுற்றிப் பத்துப் பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அம்பலம் வந்தார், சின்னையா மறுபடியும் பச்சைத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார், வேளார் கையில் மண்ணோடு வந்தார். எல்லார் முகத்திலும் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கிறவர்களின் பொறுமை இருந்தது. சிட்டாள் வழக்கம்போல ஒற்றை சீட்டில் உட்கார்ந்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏழரை ஆயிற்று. அடைக்கலம் வண்டியை எடுத்தான், எல்லாரும் பார்க்கும்படி ஸ்விட்சையும் போட்டான். ஸ்பீக்கரில் ஒரு மூச்சுக்கூட இல்லை. ஒரு பர்லாங் போனது. இரண்டு பர்லாங் போனது.

“சிக்னல் கெடைக்கல” என்றான் பொதுவாக.

“நூத்தி நாப்பத்தாறு நம்பருக்குக் கெடைச்ச சிக்னலு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “டேய், வண்டிய நிறுத்துறா! பெட்டிய ஒடச்சுப் பாப்போம்!” என்று இன்னொருவன் எழுந்தான். எழுந்தவன் உட்காருவதற்குள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமல் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

“வணக்கம்” என்றாள் சிட்டாள். “செய்திகள் வாசிப்பது சிட்டாள்.”

எழுபத்து மூன்று நாளாக இரைச்சல் வந்து போன இடத்தில் பெயர் வந்து உட்கார்ந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலேயே, தூக்குவாளியைப் பிடித்தபடி, மெதுவாகத்தான் பேசினாள். ஸ்பீக்கர்கள் அதைக் கடைசி சீட்டுக்கும் படிக்கும் கூரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தன. அடைக்கலம் ஒரு கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். வயர் அங்கேயேதான் இருந்தது.

“புல எண் நூற்று எண்பத்தேழு. இந்த நிலத்தின் மேற்கு வரப்பு, நான்கு ஆண்டுகளுக்கு முன் பங்குனி இருபத்து நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு, ஒன்பது அடி மேற்கே நகர்ந்தது. வாய்க்கால் மூடப்பட்டது. நகர்த்தியவர் அடைக்கலம். அப்போது பக்கத்து நிலத்துப் பெண் கழுத்தில் இருந்ததைக் கழற்றிப் பாலில் போட்டுக்கொண்டிருந்தார். டிராக்டர் சத்தம் அவருக்குக் கேட்டது. யாரோ எங்கேயோ உழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.”

பின் சீட்டில் ஒருவன் விசிலடித்தான். “அப்புடிப் போடு!” என்றான் மற்றொருவன். சின்னையா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அம்பலம், “ரேடியோ பொய் சொல்லாது தம்பீ” என்று ராகம் போட்டார். அடைக்கலத்துக்குக் காது மடல் கொதித்தது, ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை. அவமானத்தில் செத்தே போய்விடலாம்போல இருந்தது. ஆனால் செய்தி முடியவில்லை.

“கருமாதிக்கு நூற்றுப் பதினோரு பேர் வந்திருந்தார்கள்” என்றாள் சிட்டாள், அதே குரலில். “சாப்பிட்டுவிட்டு, ஈரம் காயாத அந்தப் புது வரப்பின் மேல் நடந்து அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். எவரும் நின்று பார்க்கவில்லை, எவரும் கேட்கவில்லை. வரப்பில் கால் தடம் இருந்தது. அவர்களின் பெயர்கள் வருமாறு. வழுக்கைத் தலையோடு நடந்தவர் சோலையன் அம்பலம். பச்சைத் துண்டு கட்டியவர் சின்னையா. மண்கறை படிந்த துண்டு போட்டவர் குழந்தை வேளார்...”

விசில் நின்றது. மேலிருந்து பார்த்தால் தெரிவதுபோலவே, தலையை வைத்தே ஆளைச் சொல்லிக்கொண்டு, முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கும், பின் சீட்டிலிருந்து படிக்கும், படியிலிருந்து கூரைக்கும் அவள் போனாள். நரைத்த கொண்டை, எண்ணெய் வழித்த வகிடு, பிள்ளையைத் தோளில் தூக்கியவன், வெற்றிலைப் பையைத் தலையில் வைத்தவள் என்று ஒருவர் விடாமல் சொன்னாள். “நிறுத்து வண்டிய!” என்று கத்தினார் அம்பலம். “ரேடியோவ அமத்துறா!” என்று கத்தினார் சின்னையா. அடைக்கலம் ஸ்விட்சை அமர்த்தினான். வால்யூமை இடப்பக்கம் கடைசிவரை திருகினான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து வெட்டிய வயரை எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். அதைப் பார்த்த பிறகு யாரும் கத்தவில்லை. குரல் மட்டும் நாலு ஸ்பீக்கரிலும் வந்துகொண்டே இருந்தது, தொண்ணூறு, தொண்ணூற்றொன்று என்று, டவுன் எல்லை ரயில்வே கேட் வரைக்கும்.

நூற்றுப் பதினோராவது பெயரைச் சொல்லிவிட்டு, “செய்திகள் முடிவடைந்தன” என்றாள்.

கல்யாண மண்டபத்து வாசலில் வண்டி நின்றது. சிட்டாள் தூக்குவாளியோடு எழுந்தாள். கூட்டம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வழி விட்டது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, நாலு வருஷத்துக்குப் பிறகு அடைக்கலத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“சாயங்காலச் செய்தி ஆறரைக்குக் கொழுந்தனாரே” என்றாள். இப்போது அவள் குரல் அவளிடமிருந்து மட்டும்தான் வந்தது. “வரப்பு பழைய எடத்துக்கு வர்ற வரைக்கும் தெனம் உண்டு.”

இறங்கி உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கி, ரோட்டோரம் வெயிலில் நின்றார்கள். டவுனில் அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வேலையும் இல்லை. ஜெயராணி கார்த்திகையிலேயே நின்றுபோனதால், ஊருக்குத் திரும்ப எல்லாருக்கும் சேர்த்து இருந்தது அந்த ஆறரை மணி பஸ் ஒன்றுதான்.